வரிசையும் சுவடும்: புள்ளிகள் மறைந்த வடிவியலின் வரலாறு

அரபு மொழியில் ‘இல்ம்’ என்றால் அறிவு. ‘அமல்’ என்றால் செயல். இவ்விரு சொற்களின் மூலத்திலும் ஐன், லாம், மீம் எனும் அதே மூன்று எழுத்துகளே உள்ளன. முதற்சொல்லில் லாம் முன்னும் மீம் பின்னுமாக வருகின்றன. இரண்டாவது சொல்லில் மீம் முந்திக்கொள்கிறது. அதே எழுத்துகள் லாம், மீம், ஐன் என அமையுமாயின் ‘மின்னுதல்’ எனும் பொருள் பிறக்கிறது. எழுத்துகள் மாறவில்லை, அவற்றின் வரிசை மாறியது, பொருள் வேறாயிற்று. அரபுக் கல்லூரியில் ‘ஸர்ஃப்’ பாடம் தொடங்கிய மாணவரும் இதை அறிவார்.

ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த மொழியறிஞர் கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி இந்தச் சாதாரண உண்மையை ஒரு முறையியலாக உயர்த்தினார். அரபியின் முதல் அகராதியாகக் கருதப்படும் ‘கிதாபுல் ஐன்’ அவருடைய திட்டத்தில் உருவானது. ஈரெழுத்து மூலத்தை 2 வகையாகவும், மூவெழுத்து மூலத்தை 6 வகையாகவும், நான்கெழுத்து மூலத்தை 24 வகையாகவும், ஐந்தெழுத்து மூலத்தை 120 வகையாகவும் வரிசைப்படுத்தலாம் எனும் கணக்கே அந்நூலின் அமைப்புக்கு அடிப்படை. இவ்வாறு கிடைக்கும் வடிவங்களுள் வழக்கிலுள்ளவை ‘முஸ்தஃமல்’ என்றும், வழக்கில் இல்லாதவை ‘முஹ்மல்’ என்றும் பிரிக்கப்பட்டன.

இந்த ஆறு வடிவங்களைச் சற்று உற்று நோக்குவோமாயின் இரண்டு செய்திகள் புலப்படும்.

முதலாவது: மாற்றங்களைச் செய்யும் வரிசை முக்கியமானது. ஐன்-லாம்-மீம் என்பதில் கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி, பின்னர் முதல் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால் மீம்-ஐன்-லாம் கிடைக்கும். அதே இரு மாற்றங்களை முன்பின்னாகச் செய்தால் லாம்-மீம்-ஐன் கிடைக்கும். செய்தவை ஒன்றே, முடிவு ஒன்றன்று.

இரண்டாவது: மூன்று எழுத்துகளும் வெவ்வேறானவையாக இருக்கும்போது ஆறு மாற்றங்களும் ஆறு வெவ்வேறு வடிவங்களைத் தருகின்றன. ஆனால் ‘மத்த’ (நீட்டினான்) போன்ற இரட்டித்த மூலத்தை எடுத்துக்கொள்வோம். மீம்-தால்-தால் என்பதில் இரண்டு தால்களையும் இடம் மாற்றினால் ஒன்றும் தெரியாது. மாற்றம் நிகழ்ந்தது; அதன் சுவடு இல்லை. எனவே ஆறு மாற்றங்களிருந்தும் மூன்று வடிவங்களே கிடைக்கின்றன. முதல் வகையைக் கணித அறிஞர் ‘கட்டற்ற செயற்பாடு’ என்பர். ஒன்றும் செய்யாதிருத்தலைத் தவிர வேறெந்த மாற்றமும் எதனையும் இருந்தபடியே விட்டுவிடாத நிலை அது. அங்கு தொடக்கத்தையும் முடிவையும் பார்த்தே இடையில் நிகழ்ந்தது இன்னதெனக் கூறிவிடலாம். இரண்டாவது வகையில் அவ்வாறு கூற இயலாது.

‘செயலி இயற்கணிதங்களின் மீது குவாண்டம் குலங்களின் கட்டற்ற செயற்பாடு’ என்று இன்றைய கணிதத்தில் ஒரு துறை உண்டு. பெயரைக் கேட்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. மேற்கூறிய இரு செய்திகளும் ஒன்றையொன்று சந்தித்தபோது எழுந்த வினாவே அதன் கரு. வரிசை மாறினால் விடை மாறும் எனும் உண்மை வடிவியலுக்குள் நுழைந்தபோது புள்ளிகளே மறைந்துபோயின. புள்ளிகள் இல்லாத இடத்தில் ‘எந்தப் புள்ளியும் அசையாமல் நிற்கவில்லை’ என்பதற்கு என்ன பொருள்? இவ்வினாவின் வரலாற்றையே இங்கு சுருக்கமாக ஆராய்கிறோம்.

அல்ஜப்ரும் வடிவங்களும்

இயற்கணிதத்துக்கு உலக மொழிகளில் வழங்கும் ‘அல்ஜிப்ரா’ எனும் பெயர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் நூலிலிருந்து வந்தது என்பதை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். அப்பாஸிய கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 813–833) பக்தாதில் எழுதப்பட்ட ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ நூலின் முன்னுரை அதன் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்கிறது. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கைத் தருவதே அவருடைய எண்ணம்.

‘ஜப்ர்’ என்பது முறிந்த எலும்பைப் பொருத்துவதையும் குறிக்கும் சொல். ஒரு ‘மால்’ (வர்க்கம்) என்பது, நாற்பது ‘ஷைஃ’களிலிருந்து நான்கு ‘மால்’ குறைந்ததற்குச் சமம் என்று அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். குறைந்துள்ள நான்கு மாலை இருபுறமும் சேர்த்து முறிவைச் சரிசெய்தால், ஐந்து மால் நாற்பது ஷைஃக்குச் சமமாகும். ஆகவே ஷைஃ 8. இதில் குறியீடு எதுவுமில்லை, அனைத்தும் சொற்களே. தம் விதிகள் சரியானவை என்பதை அவர் சதுரங்களை வரைந்து காட்டி மெய்ப்பித்தார். இயற்கணிதத்துக்கு அன்று வடிவியல் சாட்சி சொன்னது. பின்னர் வந்த உமர் கய்யாம் (கி.பி. 1048–1131) முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டு வளைகோடுகள் சந்திக்கும் இடங்களைக் கொண்டு தீர்த்தார். 1637இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் வெளியிட்ட நூலுக்குப் பின் வளைகோடுகளைச் சமன்பாடுகளாகவே எழுதும் வழக்கம் பரவிற்று.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துவது நமது கடமை. இன்றைய அறிவியல் அனைத்தும் நம் முன்னோர் நூல்களில் முன்பே இருந்தது என்று மேடைகளில் பேசப்படுவதைக் கேட்கிறோம். கலீல் அகராதிக்கு ஒழுங்கு தேடினார். அல்குவாரிஸ்மி பங்கீட்டுக்கு வழி தேடினார். இக்கட்டுரை கூறவிருக்கும் கருத்துகள் அவர்களுடைய நூல்களில் இல்லை. அவர்களுடைய கணக்கில் ஐந்தும் மூன்றும் பெருகினாலும் மூன்றும் ஐந்தும் பெருகினாலும் விடை பதினைந்தே. இதனைப் பரிமாற்றுப் பண்பு என்பர். இப்பண்பைக் கைவிட்டும் ஒரு கணிதம் இயங்கும் என்று மனிதர் உணர 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

குலமும் அதன் செயற்பாடும்

அவ்வுணர்வுக்கு வழிவகுத்தவருள் ஒருவர் பிரான்சின் எவரிஸ்த் கால்வா. ஒரு சமன்பாட்டின் தீர்வுகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றும் மாற்றங்களின் தொகுப்பைக் கொண்டே அச்சமன்பாட்டைத் தீர்க்க இயலுமா என்று கூறலாம் என அவர் கண்டார். 1832 மே மாதம் ஒரு துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று மறைந்தபோது அவருக்கு வயது 20. அவருடைய எழுத்துகள் 1846இல்தான் அச்சேறின. அத்தகைய மாற்றங்களின் தொகுப்பே இன்று ‘குலம்’ எனப்படுகிறது. கலீலின் மூவெழுத்து மாற்றங்கள் ஆறும் சேர்ந்தும் ஒரு குலமாகும்.

1843 அக்டோபர் 16 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அருகே கால்வாய்க்கரையில் தம் மனைவியுடன் நடந்துசென்ற வில்லியம் ஹாமில்டன், நான்கு கூறுகள் கொண்ட ஒருவகை எண்களைக் கண்டடைந்தார். வரிசை மாற்றிப் பெருக்கினால் அவற்றின் விடை மாறும். மகிழ்ச்சியில் அருகிலிருந்த பாலத்தின் கல்லிலேயே அவ்விதியைப் பொறித்தார். 1872இல் ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் க்ளைன், ஒரு வெளியின் மீது ஒரு குலம் செயற்படும்போது மாறாதிருப்பவற்றை ஆராய்வதே வடிவியல் என வரையறுத்தார். ஒரு பொருளை அறிய, அதன்மீது செய்யத்தக்க செயல்களை அறியவேண்டும் என்பது இதன் சாரம்.

கட்டற்ற செயற்பாட்டின் மதிப்பு இங்கு விளங்கும். குலம் செயற்படும்போது ஒரு புள்ளி சென்றடையும் இடங்கள் அனைத்தையும் ஒரு தொகுதியாகக் கொள்வோம். செயற்பாடு கட்டற்றதாயின் ஒவ்வொரு தொகுதியும் குலத்தின் முழுப் பிரதியாக இருக்கும்; பங்கீடு சீராக அமையும். எங்கேனும் ஒரு புள்ளி அசையாது நின்றால் அத்தொகுதி சுருங்கிவிடும். பாகப்பிரிவினையில் பங்குகள் தலைக்கணக்கோடு பொருந்தாது முறிவதை ‘இன்கிஸார்’ என்று ஃபராயிள் நூல்கள் கூறும். ஏறத்தாழ அதனை ஒத்த முறிவே இதுவும்.

புள்ளிகள் மறைந்த கதை

1925ஆம் ஆண்டு ஜூன் மாதம். மகரந்த ஒவ்வாமையால் அவதியுற்ற வெர்னர் ஹைசன்பர்க் எனும் இளம் இயற்பியலாளர் வடகடலிலுள்ள ஹெல்கோலாந்து தீவுக்குச் சென்றிருந்தார். அணுவின் இயல்பை விளக்க அங்கு அவர் வகுத்த கணக்கில் இரண்டு அளவுகளைப் பெருக்கும் வரிசை விடையைப் பாதித்தது. அது அவருக்கே கலக்கத்தைத் தந்தது. அவருடைய ஆசிரியர் மாக்ஸ் போர்ன், இவை கணிதத்தில் முன்பே அறியப்பட்ட ‘அணிகள்’ என்று அடையாளம் கண்டார். துகளின் இடமும் உந்தமும் பரிமாற்றுப் பண்பு அற்றவை என்பது தெளிவாயிற்று. இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாகக் குறிக்கும் ‘புள்ளி’ என்பதற்கு அவ்வுலகில் பொருளில்லாமற்போனது. புடாபெஸ்டில் பிறந்த வான் நியூமன் 1930 அளவில் இத்தகைய செயலிகளின் தொகுப்புகளைத் தனிப்பொருளாக ஆராயத் தொடங்கினார். முர்ரேயுடன் இணைந்து அவர் எழுதிய பெருங்கட்டுரைகள் 1936 முதல் வெளிவந்தன.

இதற்கும் வடிவியலுக்கும் பாலம் அமைத்தவர் இஸ்ரயேல் கெல்ஃபாந்த். உக்ரைனில் 1913இல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பையே நிறைவுசெய்யாதவர். 1930இல் மாஸ்கோ வந்து சிறு வேலைகள் பார்த்தார். லெனின் நூலகத்தில் வாயிற்காவலராகவும் இருந்தார். பட்டம் ஏதுமின்றியே 1932இல் முதுநிலை ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1943இல், உலகப்போரின் நடுவே, அவரும் மார்க் நைமார்க்கும் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் அடித்தளம்.

அக்கட்டுரையின் ஒரு பகுதியை எளிய முறையில் இவ்வாறு கூறலாம். ஓர் ஊரை நாம் கண்டதில்லை. ஆனால் அவ்வூரின் மீது அமையக்கூடிய தொடர்ச்சியான அளவீடுகள், அதாவது வெப்பம், உயரம், ஈரம் போன்றவை அனைத்தும், அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் வேண்டிய விதிகளோடு நமக்குத் தரப்பட்டுள்ளன. அவ்வாறாயின் அந்த ஊரையே மீட்டெடுக்கலாம். ஒவ்வோர் அளவீட்டுக்கும் விதி பிறழாமல் ஒரு மதிப்பை வழங்கும் முறை எதுவோ அதுவே ஒரு ‘புள்ளி’. வெளியும் அதன்மீதுள்ள சார்புகளின் இயற்கணிதமும் ஒரே செய்தியின் இரு மொழிகள். அத்தகைய இயற்கணிதங்களைச் ‘சி-ஸ்டார் இயற்கணிதம்’ என்பர். சார்புகளைப் பெருக்குவதில் வரிசை முக்கியமன்று. எனவே அவை பரிமாற்றுப் பண்புடையவை.

அப்படியானால் பரிமாற்றுப் பண்பு இல்லாத சி-ஸ்டார் இயற்கணிதம் எந்த வெளியைக் குறிக்கிறது? இரண்டு வரிசையும் இரண்டு நிரலும் கொண்ட அணிகளை எடுத்துக்கொண்டால், விதி பிறழாமல் மதிப்பு வழங்கும் முறை ஒன்றுகூட அங்கு இல்லை. அதாவது ஒரு புள்ளிகூட இல்லை. ஆயினும் இயற்கணிதம் இருக்கிறது. ஊர் மறைந்துவிட்டது, ஊரைப் பற்றிய அளவீடுகள் மட்டும் எஞ்சின.

அவ்வாறு எஞ்சியதையும் வடிவியலாகக் கருதலாம் என்று துணிந்தவர் பிரான்சின் அலேன் கோன். அவர் 1980இல் தொடங்கிவைத்த இத்திட்டம் ‘பரிமாற்றுப் பண்பற்ற வடிவியல்’ எனும் பெயரில் 1990இல் பிரெஞ்சிலும் 1994இல் விரிவான ஆங்கில வடிவிலும் நூலாயிற்று. ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஒரு வட்டத்தை ஒவ்வொரு முறையும் அதன் சுற்றளவில் இரண்டின் வர்க்கமூலம் கழித்தல் ஒன்று எனும் பங்கு, அதாவது ஏறத்தாழ 0.414 பங்கு, சுழற்றுகிறோம். அது விகிதமுறா எண்ணாதலால் எந்தப் புள்ளியும் ஒருபோதும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பாது. ஆகவே செயற்பாடு கட்டற்றது. ஆனால் எந்தப் புள்ளியும் காலப்போக்கில் வட்டத்தின் எல்லா இடங்களையும் விரும்பிய அளவுக்கு நெருங்கிவிடும். ஆதலால் தொகுதிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் தொடர்ச்சியான அளவீடு எதுவும் இல்லை. பழைய முறையில் பங்கிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. இடத்தைக் குறிக்கும் செயலி ஒன்றையும் சுழற்சியைக் குறிக்கும் செயலி ஒன்றையும் கொண்டு, பரிமாற்றுப் பண்பற்ற ஓர் இயற்கணிதத்தை அமைத்தால், இழந்த செய்தி மீண்டும் கிடைக்கிறது. 1981இல் மார்க் ரீஃபெல் வெளியிட்ட ஆய்வு, சுழற்சிக் கோணத்தின் அடையாளம் அவ்வியற்கணிதத்தினுள் பதிந்திருப்பதை உணர்த்திற்று.

குலமும் மறைகிறது

கோனுக்கு 1982ஆம் ஆண்டுக்குரிய ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்ட அனைத்துலகக் கணித மாநாடு வார்சாவில் நடைபெறவிருந்தது. 1981 டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டமையால் அது 1983 ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நெருக்கடி மிகுந்த அந்த ஆண்டுகளில் அதே நகரின் பல்கலைக்கழகத்தில் ஸ்தானிஸ்லாவ் வொரோனோவிச் அடுத்த அடியை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

வெளியின் புள்ளிகளை நீக்கிவிட்டுச் சார்புகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், குலத்துக்கும் அவ்வாறே செய்யலாம் அல்லவா? குலத்தின் உயிர் அதன் பெருக்கல். இரு மாற்றங்களை அடுத்தடுத்துச் செய்தால் மூன்றாவது மாற்றம் கிடைக்கிறது. சார்பின் மொழியில் கூறுவதாயின், ஒரு மாற்றத்தின் மீதான அளவீட்டை இரு மாற்றங்களின் மீதான அளவீடாக விரிக்கும் விதி அது. அவ்விதியை வைத்துக்கொண்டு, அளவீடுகளின் பரிமாற்றுப் பண்பை மட்டும் நீக்கினால் கிடைப்பது ‘குவாண்டம் குலம்’. 1980களில் ட்ரின்ஃபெல்ட், ஜிம்போ ஆகியோர் இயற்கணித வழியிலும் வொரோனோவிச் செயலி வழியிலும் இதனை வந்தடைந்தனர். வொரோனோவிச் 1987இல் வெளியிட்ட இரு கட்டுரைகள் செறிவான குவாண்டம் குலங்களுக்கு அடித்தளமிட்டன. அவருடைய முதன்மை எடுத்துக்காட்டில் ‘க்யூ’ எனும் ஓர் எண் உண்டு. அதனை 1 என்று வைத்தால் பழைய குலமே திரும்பக் கிடைக்கும். 1இலிருந்து விலகினால் புள்ளிகள் கலைந்துபோகும். அதே ஆண்டில் பியோத்ர் போட்லெஷ் ‘குவாண்டம் கோளங்களை’ அறிமுகப்படுத்தினார்.

கலீலின் கணக்குக்கு மிக அண்மையில் வரும் முடிவொன்றை 1998இல் ஷூஷௌ வாங் வெளியிட்டார். மூன்று பொருள்களுக்கு ஆறு இடமாற்றங்கள் என்று கண்டோம். இடமாற்றங்களைக் குவாண்டம் பொருளில் விரித்தாலும் மூன்று பொருள்களுக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை; அந்த ஆறே ஆறு. ஆனால் நான்கு பொருள்களாகிவிட்டால் பழைய 24 இடமாற்றங்களுக்கு அப்பால் முடிவற்ற பரிமாணங்கொண்ட ஒரு குவாண்டம் குலம் தோன்றுகிறது. நான்கு எழுத்துகள் எழுதப்பட்ட ஒரு சிறு தாளில் இவ்வளவு சமச்சீர் மறைந்திருக்கும் என்று முன்னர் எவரும் எதிர்பார்த்ததில்லை.

சுவடு எவ்வாறு அறியப்படும்?

இப்போது நமது வினாவுக்கு வருவோம். வெளியிலும் புள்ளிகள் இல்லை. குலத்திலும் உறுப்புகள் இல்லை. இந்நிலையில் ‘எந்த உறுப்பும் எந்தப் புள்ளியையும் அசையாது நிறுத்தவில்லை’ எனும் வரையறை பொருளிழக்கிறது.

அறிஞர் பல வழிகளை முயன்றனர். 1987இல் கிறிஸ்டோபர் ஃபிலிப்ஸ், செயலி இயற்கணிதங்களின் மீது சாதாரணக் குலங்கள் கட்டற்றுச் செயற்படுவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். புள்ளிகள் உள்ள வெளியில் ஒரே பொருள் தந்த வரையறைகள், புள்ளிகள் மறைந்தபின் வெவ்வேறு வழியில் பிரிந்தன. ஒரு வரையறை ‘கட்டற்றது’ என்று கூறும் செயற்பாட்டை மற்றொன்று மறுக்கும். இஜ்திஹாதில் ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு முடிவுகள் பிறப்பதைக் கண்ட நமக்கு இது வியப்பன்று. எவ்வழி எங்கு பயன்படும் என்பதே ஆய்வுக்குரியது.

2000ஆம் ஆண்டில் டேவிட் எல்வுட் ஒரு வழியை முன்வைத்தார். அதன் கருத்தை நாம் தொடக்கத்திலேயே கண்டுவிட்டோம். செயற்பாடு கட்டற்றதாயின் தொடக்கத்தையும் முடிவையும் கொண்டே இடையில் நிகழ்ந்த மாற்றத்தை அறியலாம். இதனைச் சார்பின் மொழியில் பெயர்த்தால், தொடக்கத்தையும் மாற்றத்தையும் பற்றிய எந்த அளவீட்டையும், தொடக்கத்தின் மீதான அளவீடுகளையும் முடிவின் மீதான அளவீடுகளையும் பெருக்கிக் கூட்டி, விரும்பிய அளவுக்கு நெருங்கலாம். இவ்வாக்கியத்தில் ‘புள்ளி’ எனும் சொல் இல்லை. ஆகவே புள்ளிகள் இல்லாத இடத்திலும் அது செல்லுபடியாகும்.

இரண்டே உறுப்புகள் கொண்ட குலத்தில் இது எவ்வளவு எளிமையானது என்பதைக் காண்போம். அங்கே ஒரேயொரு மாற்றந்தான் உண்டு. அம்மாற்றம் நிகழும்போது குறி மாறும் அளவீடுகளை, அதாவது மிகையிலிருந்து குறையாக மாறுபவற்றை, மட்டும் திரட்டுவோம். ஒரு புள்ளி அசையாது நிற்குமாயின் அங்கு அத்தகைய அளவீடு ஒவ்வொன்றும் தன் எதிர்க்குறிக்குச் சமமாக வேண்டும். அதாவது சுழியமாக வேண்டும். சுழியங்களை எவ்வளவு பெருக்கிக் கூட்டினாலும் 1 கிடைக்காது. எனவே குறி மாறும் அளவீடுகளின் பெருக்கங்களைக் கொண்டு எங்கும் 1 எனும் மதிப்பை அமைக்க முடிந்தால் செயற்பாடு கட்டற்றது, முடியாவிட்டால் அன்று. மீம்-தால்-தால் என்பதில் இரு தால்களை மாற்றும்போது சோதனை தோற்பது இதனாலேதான்.

அதே சோதனையை ஒரு புள்ளிகூட இல்லாத ஈரிரு அணிகளில் செய்து பார்ப்போம். மூலைவிட்டத்திலுள்ள இரு எண்களை அப்படியே விட்டு, மற்ற இரண்டின் குறியை மட்டும் மாற்றுவது நமது செயற்பாடு. மூலைவிட்டத்துக்கு வெளியே இரண்டு இடங்களிலும் 1 எழுதிய அணி குறி மாறுவது. அதனை அதனாலேயே பெருக்கினால் அலகு அணி, அதாவது அணிகளின் உலகில் ‘1’, கிடைக்கிறது. எனவே எல்வுட்டின் அளவுகோலில் இச்செயற்பாடு கட்டற்றது. அசைவதற்குப் புள்ளி ஒன்றுமில்லாத இடத்திலும் சுவடு அழியவில்லை என்று உறுதியாகக் கூறமுடிகிறது.

எல்வுட்டின் நிபந்தனையில் ‘விரும்பிய அளவுக்கு நெருங்கலாம்’ எனும் தொடர் உள்ளது. மறுபுறம், 1960களிலிருந்து இயற்கணித அறிஞர் கால்வாவின் கருத்தை விரிவாக்கி, நெருக்கம் எனும் பேச்சுக்கே இடமின்றித் துல்லியச் சமத்துவத்தைக் கோரும் ஒரு நிபந்தனையை வளர்த்து வந்தனர். இவ்விரண்டும் ஒன்றா? அமெரிக்காவின் பவுல் பாம், பெல்ஜியத்தின் கென்னி தெ காமர், போலந்தின் பியோத்ர் ஹாயட்ஸ் ஆகிய மூவரும் 2013இல் எழுதி 2017இல் வெளியான கட்டுரையில் ‘ஒன்றே’ என மெய்ப்பித்தனர். செறிவான குவாண்டம் குலம் ஒன்று, அலகுடைய சி-ஸ்டார் இயற்கணிதத்தின் மீது செயற்படும்போது, எல்வுட்டின் பொருளில் அது கட்டற்றதாக இருப்பதும், அவ்வியற்கணிதத்தின் உரிய உட்பகுதியில் கால்வா நிபந்தனை நிறைவுறுவதும் ஒன்றேயாகும். இருபது வயதில் மறைந்த இளைஞரின் பெயர் 185 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு மீண்டும் ஒலித்தது.

இதன் பயன் யாதென வாசகர் வினவலாம். 1933இல் வார்சாவின் கரோல் போர்சுக், உலாமின் ஊகமொன்றை மெய்ப்பித்தார். பூமியில் எந்தக் கணத்திலும் நேரெதிராக அமைந்த ஏதோ இரண்டு இடங்களில் வெப்பமும் காற்றழுத்தமும் ஒருசேரச் சமமாக இருந்தே தீரும் என்பது அதன் ஒரு விளைவு. ஒவ்வோர் இடத்தையும் அதன் நேரெதிர் இடத்துக்கு மாற்றுவது கட்டற்ற செயற்பாடு என்பதே அதன் அடிப்படை. 2015இல் பாம், டோம்ப்ரோவ்ஸ்கி, ஹாயட்ஸ் ஆகியோர் குவாண்டம் குலங்களுக்கும் இத்தகைய தேற்றம் உண்டா எனும் வினாவை முறைப்படி எழுப்பினர். சில வகைகளுக்கு விடை கிடைத்துள்ளது. கட்டற்ற தன்மைக்குச் சரியான வரையறை இல்லையெனில் அவ்வினாவைக் கேட்கவே இயலாது.

நமது பங்கு

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டத்தில் பஹாவுத்தீன் ஆமிலியின் ‘குலாஸத்துல் ஹிஸாப்’ எனும் கணித நூலும் யூக்ளிடின் முதற்பகுதியும் இடம்பெற்றிருந்தன. காலப்போக்கில் பல மத்ரஸாக்களில் அவை கைவிடப்பட்டன. ஃபராயிள் மட்டும் எஞ்சியது, அதுவும் வாய்பாடாக. ‘அல்ஜப்ர் நம்முடையது’ என்று கூறும் நாம், அதே அல்ஜப்ர் இன்று எங்கு நிற்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டோம்.

வாரிசுச் சொத்தில் பங்கு உறவால் கிடைக்கும். அறிவில் அவ்வாறு கிடைப்பதில்லை. போரும் இராணுவச் சட்டமும் சூழ்ந்த நகரங்களில், சான்றிதழ் இல்லாத இளைஞரும் சேர்ந்து கட்டிய துறை இது. நமது நாடும் இதற்குப் புறம்பானதன்று. கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த தேபாஷிஷ் கோஸ்வாமி, வடிவியல் தொலைவுகளைக் காக்கும் குவாண்டம் குலங்களைப் பற்றி 2009இல் வெளியிட்ட ஆய்வு உலகறிந்தது. சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் வி. எஸ். சுந்தர் போன்றோர் செயலி இயற்கணிதத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து கற்பித்தனர். அந்த வாயில்கள் நம் மாணவர்களுக்கு மூடப்பட்டவை அல்ல. அங்கு சென்று கேட்கத் தேவையான தொடக்கப் பயிற்சியையே நாம் அவர்களுக்குத் தராமல் இருக்கிறோம்.

பாடத்திட்டம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று நாம் கூறவரவில்லை. ஸர்ஃப் வகுப்பில் ஐன்-லாம்-மீமின் ஆறு வடிவங்களைக் கற்பிக்கும் அதே நாளில், அவற்றை மாற்றும் ஆறு மாற்றங்களையும் கரும்பலகையில் எழுதி, எதன்பின் எதைச் செய்தால் எது கிடைக்கும் என்று மாணவரையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். மீம்-தால்-தாலில் மூன்று வடிவங்கள் ஏன் குறைந்தன என்று கேட்கலாம். அதற்கு அரைமணி நேரம் போதும். விடையைத் தாமே கண்ட மாணவர்களுள் ஒருவரேனும் அடுத்த வினாவுடன் ஆசிரியரிடம் திரும்பி வருவார். அவருக்கு மறுமொழி கூறுவதற்காக நாமும் மீண்டும் படிக்கத் தொடங்கவேண்டியிருக்கும்.